கைதூக்கி ஜீப்பும் ஒரு எதிர்ப்பு ஓட்டும்

இந்த நாட்டில் ஜனநாயகத்தை ஒரு நாள்கூட லீவு விடாமல் நடத்திய மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எந்தச் சபையிலும் உறுப்பினர் இல்லை. கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு, மலையேறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஆனைக்கரைக்குப் போகும் ஒரு ஜீப்பின் டிரைவர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், லைசென்சில் அச்சடித்தும் இருப்பார்கள். நாங்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. எங்களுக்கு அவர் கைதூக்கி அண்ணன்.

அவர் கையைத் தூக்குகிறவர் இல்லை, மற்றவர்களைத் தூக்கச் சொல்கிறவர். தானாக ஒரு முடிவெடுப்பது என்பது அந்த மனிதருக்கு ஆகவே ஆகாது. காலையில் என்ன சாப்பிடுவது, எந்தச் சட்டை போடுவது, தலைக்கு மை பூசுவதா வேண்டாமா, எல்லாமே ஜீப்பில் ஓட்டெடுப்புக்கு வரும்.

"அக்காமாரே, மெட்டுல எறங்கி தோசை திங்கவா, புரோட்டா திங்கவா? தோசைக்குக் கை தூக்குங்க."

"ஏப்பா, வகுறு ஒன்னோடதா எங்களோடதா?"

"வகுறு என்னோடதுதான்க்கா. ஆனா ஒரு மனுசன் தனியா யோசிச்சா தப்பாத்தான் போகும். தூக்குங்க."

எட்டுப் பேர் உட்கார வேண்டிய ஜீப்பில் நாங்கள் பதினான்கு பேர். அதற்குள் கையைத் தூக்குவது லேசான காரியமா? தூக்குகிற கை யாருடையது என்று கண்டுபிடிப்பதே பாடு. ஒருமுறை என் கை என்று நினைத்துப் பக்கத்து அக்காவின் கையைத் தூக்கிவிட்டேன். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிற நாலு பேர் கையைத் தூக்கினால் ரோட்டில்தான் கிடப்பார்கள். அவர்களுக்குத் தனிச் சட்டம் போட்டிருந்தார். ஜீப்பின் தகரக் கூரையில் ஒரு தட்டு தட்டினால் ஆதரவு, இரண்டு தட்டினால் எதிர்ப்பு.

இத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவரிடம் இன்னொரு விதியும் இருந்தது. எல்லாரும் ஒரே பக்கம் கை தூக்கினால் அந்த ஓட்டு செல்லாது. "அம்புட்டுப் பேரும் ஒண்ணு போலத் தூக்குனா ஒருத்தரும் யோசிக்கலைன்னு அர்த்தம். மறுபடியும் மொதல்லருந்து" என்பார்.

இந்த விதியால் நாங்கள் பதினான்கு பேரும் ஒரு நாள் மொத்தமாகப் போய்ச் சேர்ந்திருப்போம். நல்ல மழைக்காலம். கண்ணாடிக்கு வெளியே மலையும் இல்லை, ரோடும் இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. கைதூக்கி அண்ணன் சாவகாசமாகத் திரும்பிப் பார்த்தார். "பேட்டரி வீக்கா கெடக்கு. வைப்பர் போட்டா ஹாரன் அடிக்காது. ஹாரன் அடிச்சா வைப்பர் நின்னுரும். எது வேணும்? வைப்பருக்குக் கை தூக்குங்க."

பதினான்கு ஓட்டும் ஆதரவாக விழுந்தன. வில்லேஜ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜோஸ் சேட்டன் எங்களோடு வருவார். ஆனைக்கரைப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. சர்க்கார் வேலை பார்த்த பழக்கத்தில் எந்த ஓட்டெடுப்பிலும் நடுநிலைதான் வகிப்பார். அந்த ஜோஸ் சேட்டனே உயிர் பயத்தில் கையைத் தூக்கிவிட்டார்.

"எல்லாரும் தூக்கிட்டீக. செல்லாது. மறுபடியும்."

மறுபடியும் பதினான்கு. "செல்லாது" என்றார் அண்ணன். எதிரே ஏதோ ஒரு லாரியின் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. நடு சீட்டிலிருந்து பேச்சியம்மாக்கா எழுந்து, கூரையில் தலை இடிக்க, ஒரு சத்தம் போட்டார் பாருங்கள்.

"நான் எதிர்ப்புடா! பாவிப்பய மகனே, வைப்பரப் போடு!"

"அப்பிடிச் சொல்லுங்கக்கா" என்று அண்ணன் உடனே வைப்பரைப் போட்டார். அன்றிலிருந்து பேச்சியம்மாக்கா எங்கள் ஜீப்பின் நிரந்தர எதிர்க்கட்சி. எது வந்தாலும் அவர் எதிர்ப்பு. அப்போதுதான் தீர்மானம் நிறைவேறும், நாங்களும் நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேருவோம்.

அண்ணனின் கல்யாணமும் இப்படித்தான் முடிவானது. பெண் பார்த்துவிட்டு வந்தவர் போட்டோவை ஜீப்புக்குள் சுற்றுக்கு விட்டார். பன்னிரண்டு பேர் ஆதரவு, பேச்சியம்மாக்கா எதிர்ப்பு, ஜோஸ் சேட்டன் நடுநிலை. கல்யாணப் பந்தியில் புதுப்பெண் விடுவிடுவென்று வந்து பேச்சியம்மாக்காவின் இலைக்கு முன்னால் நின்றது.

"என்னய வேணாம்னு சொன்ன அந்த ஒண்ணு நீங்கதானா?"

"ஆத்தி! நான் வேணாம்னு சொல்லலேன்னா ஒனக்கு இந்தக் கல்யாணமே நடந்திருக்காதுடி. சாம்பார ஊத்தச் சொல்லு."

அந்தப் பெண்ணுக்கு இது புரிய ஆறு மாதம் ஆனது.

கொஞ்ச நாளில் இந்தப் பைத்தியம் எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. ஒருத்தி மகளை எந்த குரூப்பில் சேர்ப்பது என்று கேட்டாள். இன்னொருத்தி ஆட்டை இப்போது விற்பதா, பொங்கல் வரை வைத்திருப்பதா என்று கேட்டாள். பல்லைப் பிடுங்கலாமா, மாமியாரோடு பேசலாமா, செல்போனுக்கு எந்த ரீசார்ஜ் போடலாம், எல்லாம் வந்தது. ஆனைக்கரை வருவதற்குள் பைசல் ஆனது. பைசலான முடிவுகளில் பாதிக்கு மேல் நல்ல முடிவுகள் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

ஏனென்றால் நான் படித்தவள். கம்ப்யூட்டரில் மேல்படிப்பு. படித்து முடித்துவிட்டு ஆனைக்கரையில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் மூட்டைக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்கு என் படிப்பு எதற்கு என்று ஏலக்காய்க்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் மிதப்புக்குக் குறைச்சல் இல்லை. இந்த ஜீப்பில் போய் நான் யோசனை கேட்பதாவது! ஒரு விஷயம்கூட நான் ஓட்டுக்கு விட்டதில்லை.

விட வேண்டிய விஷயம் ஒன்று என் பைக்குள்ளேயே இருந்தது.

படிப்புக்கு வங்கியில் கடன் வாங்கியிருந்தோம். கம்பம்மெட்டில், கேரள எல்லைக்குள் இருந்த எங்கள் நாலு சென்ட் வீட்டின் பத்திரம் வங்கியில் அடமானமாக இருந்தது. கடனில் அம்மாவும் கையெழுத்துப் போட்டிருந்தார். நல்ல வேலை கிடைத்ததும் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். நல்ல வேலை வரவில்லை, கடிதங்கள்தான் வந்தன. வீட்டில் வைத்தால் அம்மா கண்ணில் படும். அதனால் எல்லாவற்றையும் மடித்து, சாப்பாட்டுப் பையில் டப்பாவுக்கு அடியில் வைத்து, தினமும் மலையில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம். "கடன் எல்லாம் ஒழுங்காப் போகுதாடி?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் "போகுதும்மா" என்று சொல்லிவிடுவேன். வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளுமோ என்ற பயத்தைவிட, அம்மாவுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் முன் சீட்டில் இடம் கிடைத்தது. வழியில் போன் மூன்று முறை அடித்தது, மூன்று முறையும் கட் செய்தேன். கைதூக்கி அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பேங்க்காரகளா, தங்கச்சி?"

எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. என்ஜின் சத்தத்தில் பின்னால் கேட்காதபடி, அடக்கி வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. கம்பம்மெட்டில் எல்லாரும் டீ குடிக்க இறங்கிய பிறகும் பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, இத யார்ட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றேன்.

"சத்தியமாச் சொல்ல மாட்டேன்" என்றார்.

மறுநாள் காலை ஜீப் கம்பம்மெட்டைத் தாண்டியதும் அண்ணன் தொண்டையைக் கனைத்தார்.

"அக்காமாரே, அண்ணமாரே, ஒரு ரோசனை கேக்கணும். ஒருத்தவுக என்ட்ட ஒரு ரகசியம் சொல்லிருக்காக. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு நானும் சத்தியம் பண்ணிட்டேன். ஆனா சொன்னாத்தான் அவுகளுக்கு நல்லதுன்னு ராவெல்லாம் மனசு கெடந்து அடிச்சுக்குது. சொல்லலாமா, கூடாதா? சொல்லலாம்னு நெனைக்கிறவுக கை தூக்குங்க."

இத்தனை நாளில் அவ்வளவு வேகமாகக் கைகள் எழுந்து நான் பார்த்ததில்லை. கூரையில் தட்டு விழுந்த வேகத்தில் தகரம் பிய்ந்துவிடும் போலிருந்தது. நான் இரண்டு கையையும் தூக்கி "எதிர்ப்பு, எதிர்ப்பு" என்று கத்தினேன்.

"ரெண்டு கை தூக்குனாலும் ஒரு ஓட்டுத்தான், தங்கச்சி" என்று அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னதுமே ரகசியம் யாருடையது என்று ஜீப் முழுக்கத் தெரிந்துவிட்டது.

பேச்சியம்மாக்கா வழக்கம்போல் எதிர்ப்பு, ஜோஸ் சேட்டன் நடுநிலை. பதினொன்றுக்கு இரண்டு என்று என் மானம் போனது. அவர் மொத்தக் கதையையும் ஒரு வரி விடாமல் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஸ்டியரிங்கைப் பிடுங்கி வெளியே எறிந்திருப்பேன். அவர் முடித்ததும் பின்னால் யாரோ ஒரு தட்டு தட்டினார்கள்.

"என்ன தட்டு அது? இப்ப ஓட்டெடுப்பு இல்லையே" என்றார் அண்ணன்.

தொங்கிக்கொண்டு வந்த ஸ்டீபன் தலையை உள்ளே நீட்டினான். "எங்க ஊட்லயும் இருக்குண்ணே. தங்கச்சி நர்சிங் படிச்ச கடன்."

இன்னொரு தட்டு விழுந்தது. நடு சீட்டில் ஒரு கை மெல்ல எழுந்தது. பிறகு அதற்குப் பக்கத்துக் கை, அதற்கடுத்து இன்னொன்று. ஒருத்திக்கு மகனுடைய பாலிடெக்னிக், ஒருத்திக்குத் தம்பியின் பி.எட். ஐந்து பேர். இத்தனை நாளாக இந்த ஐந்து பேரோடு தொடை நசுங்க உட்கார்ந்து வந்திருக்கிறேன், உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு.

அப்போதுதான் ஜோஸ் சேட்டன் கையை நீட்டினார். "மோளே, அந்தக் கடுதாசி எல்லாம் எங்கே? இங்க தா, பாக்கட்டே."

டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். புளிக்குழம்பில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பழையவை எல்லாம் இங்கிலீஷில், எல்லாம் மிரட்டல். மேலே இருந்தது மட்டும் மலையாளத்தில். எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பாதிப் பேர் என்னைப் போலத்தான். மலையாளத்தில் பேரம் பேசுவேன், சண்டை போட்டால் ஜெயித்துக்கூட விடுவேன். ஆனால் படித்ததெல்லாம் தமிழ் மீடியம், மலையாளம் வாசிக்கத் தெரியாது. அதை யாரிடமாவது காட்டிக் கேட்கலாம் என்றால் அவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். பெரிய முத்திரை குத்தியிருந்ததால் இது ஜப்தி நோட்டீஸேதான் என்று நானே தீர்மானித்து, ஒட்டிய உறையைக்கூட ஒழுங்காகப் பிரிக்காமல் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஜோஸ் சேட்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"இது ஜப்தி இல்லா மோளே. அதாலத்து. படிப்புக் கடன் கட்ட முடியாத ஆளுகள விளிச்சு, வட்டி குறைச்சு, பாக்கியைத் தவணையாக் கட்டான் விடும். நிங்களக் கூப்பிட்டிருக்கு. கடன் வாங்கின ஆளும் ஜாமீன் ஆளும் நேரில வரணும். பத்து மணிக்குள்ள டோக்கன் எடுக்கணும்."

"என்னைக்கு சேட்டா?"

"இன்னிக்கு."

கைதூக்கி அண்ணன் பிரேக் போட்டதில் பதினான்கு பேரும் முன் சீட்டுக்கு வந்துவிட்டோம். வங்கி இருந்த டவுன் எதிர்த் திசையில், மலையைச் சுற்றி ஒன்றரை மணி நேரம். வழியில் ஒரு தோட்டத்தில்தான் அம்மாவுக்கு வேலை, அவரையும் ஏற்ற வேண்டும். ஆனைக்கரை போய் எல்லாரையும் இறக்கிவிட்டுத் திரும்பினால் பத்து மணிக்குள் நடக்காது. நடுரோட்டில் இறக்கிவிடலாம் என்றால் அந்த நேரத்தில் வருகிற எந்த ஜீப்பிலும் ஊசி நுழைய இடம் இருக்காது. இவர்களுக்கு அரைநாள் கூலி போகும். தோட்டத்து அரைநாள் கூலி என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னை வளர்த்ததே அதுதான்.

"வேணாம்ணே" என்றேன். "எல்லாருக்கும் சோலி கெடும்."

"நீ பேசாத. நீ வாதி, ஒனக்கு ஓட்டு இல்ல" என்றார். வண்டியை ஓரம் கட்டி, முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். "அரைநாள் கூலி போகும். தெரிஞ்சு தூக்குங்க. டவுனுக்குத் திருப்பலாமா?"

கைகள் எழுந்தன. கூரையில் தட்டு விழுந்தது. நடுநிலை ஜோஸ் சேட்டன் கையைத் தூக்கினார், தூக்கியதைக் கீழே இறக்கவே இல்லை. பேச்சியம்மாக்கா மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் இருந்தார். நியாயம்தான், அவருக்கு இரண்டு பேரப்பிள்ளைகள் வேறு.

"ஆதரவு பன்னெண்டு" என்று எண்ணினார் அண்ணன். "அக்கா, நீங்க?"

"எதிர்ப்பு."

பேச்சியம்மாக்கா அண்ணனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"என்னத்தடா முழிக்கிற? நானும் தூக்குனா செல்லாதுன்னு மறுபடி மொதல்லருந்து ஆரம்பிப்ப. மணி ஆகுது. வண்டியத் திருப்பு!"

தோட்டத்து கேட்டில் நிறை ஜீப்பைப் பார்த்ததும் அம்மா ஓடி வந்தார். "ஏசப்பா, யாருக்கு என்னாச்சு?" கைதூக்கி அண்ணன், "தங்கச்சி, நீ சொல்றியா, நான் சொல்லவா? எதுக்கும் கை..." என்று ஆரம்பிக்க, பேச்சியம்மாக்கா அவர் வாயைப் பொத்தினார். நானே இறங்கிச் சொன்னேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா என் சாப்பாட்டுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருசமா இத சோத்துக்கு அடியில வச்சுச் சொமந்தியா? அதான் ஒனக்குச் சோறே எறங்கல." அவ்வளவுதான் சொன்னார். ஏறி, பேச்சியம்மாக்காவின் மடியில் பாதியும் என் மடியில் பாதியுமாக உட்கார்ந்தார்.

பத்து மணிக்குச் சில நிமிஷங்கள் இருக்கும்போது டோக்கன் எடுத்தோம். வங்கி வராந்தாவில் காத்திருந்தபோது அண்ணனிடம் கேட்டேன், நேற்று போன் அடித்ததுமே பேங்க் என்று எப்படித் தெரிந்தது என்று.

"நானும் இஞ்சினியரிங் படிச்சவன்தான் தங்கச்சி" என்றார் சாதாரணமாக. "வந்த கடுதாசியப் பூராம் டேஷ்போர்டுக்குள்ள போட்டுப் பூட்டி வச்சிருந்தேன். ஒருத்தர்ட்டயும் கேக்கல. எல்லாம் நானே பாத்துக்கிறேன்னு நானே முடிவு பண்ணுனேன். கம்பத்துல அப்பா வச்சிருந்த ஒரே துண்டு நெலமும் போனபெறகு எடுத்து வாசிச்சா, அதுலயும் இதே மாதிரி ஒரு கடுதாசி இருந்துச்சு. தேதி தாண்டி ஒரு வருசம். அதுலருந்து தோசை திங்கவும் நாலு பேரக் கேட்டுத்தான் திங்கிறது."

அவரைப் பார்த்து நான் எத்தனை நாள் சிரித்திருக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை.

உள்ளே மேனேஜர் நல்ல மாதிரி. வட்டியில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். பெரிய தவணையாகச் சீக்கிரம் முடிக்கிறீர்களா, சின்னத் தவணையாக ரொம்ப நாள் கட்டுகிறீர்களா? அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற கைதூக்கி அண்ணனுக்குப் பொறுக்குமா?

"சின்னத் தவணை, ரொம்ப நாளு. மாசாமாசம் சோத்துக்கும் மிஞ்சணும்ல? சின்னதுக்குக் கை தூக்குங்க!"

வாசல் முழுக்கக் கைகள். வாட்ச்மேனும் தூக்கினார். அடுத்த டோக்கனுக்கு உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவரும் தூக்கினார். மேனேஜர் பேனாவோடு அப்படியே இருந்தார். ஜோஸ் சேட்டன் அவர் காதில் விதியை விளக்கினார். மேனேஜருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேனாவை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

"சீக்கிரம் கெட்டினா எங்க பேங்கினு நல்லது. அதுகொண்டு நான் எதிர்ப்பு."

எதிர்ப்பு ஓட்டு விழுந்துவிட்டது! பேச்சியம்மாக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். இனி அவர் எதிர்க்க வேண்டிய அவசியம் இல்லை. அத்தனை நாளில் முதல்முறையாக, சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு, ஆதரவாகக் கையைத் தூக்கினார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

கூலி போனவர்களுக்குப் பிறகு ஒரு நாள் அதைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். ஓட்டுக்கு விட்டார்கள், தோற்றுவிட்டேன். ஸ்டீபன் வீட்டுக் கடனுக்கும் மற்ற நால்வர் கடனுக்கும் அடுத்தடுத்த அதாலத்துகளில் ஜோஸ் சேட்டன் கூடவே போய்க் கடிதம் வாசித்தார். எனக்கு ஒரு பத்திரிகை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, டைப் அடித்து, மெல்ல எழுதவும் ஆரம்பித்து, மலையிறங்கி வந்துவிட்டேன். சின்னத் தவணைதான். ரொம்ப நாள்தான். மாதாமாதம் சோற்றுக்கும் மிஞ்சியது.

போன மாதம் கடைசித் தவணை கட்டினேன். பத்திரத்தைக் கையில் வாங்கிய அம்மா அதை முகர்ந்து பார்த்து, "புளிக்கொழம்பு வாடை இல்ல" என்றார். மறுநாள் காலை, ஜீப் மெட்டைத் தாண்டியிருக்கும் நேரம் பார்த்து, கைதூக்கி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"கடன் முடிஞ்சிருச்சுண்ணே."

என்ஜின் சத்தத்துக்கு மேலாக, "நல்லது தங்கச்சி" என்றார். நீளமாக ஒரு ஹாரன் அடித்தார்.

"அண்ணே, ஒங்களப் பத்திப் பத்திரிகைல எழுதலாம்னு இருக்கேன். எழுதட்டுமா?"

"என்ட்டக் கேட்டா எனக்கு என்ன தெரியும்? இரு." வண்டி நின்றது. "அக்காமாரே, நம்ம கம்ப்யூட்டர் தங்கச்சி கேக்குது. கை தூக்குங்க!"

போனைத் தூக்கிப் பிடித்திருப்பார் போல. வளையல்கள் குலுங்கின. தகரக் கூரையில் தட்டுகள் விழுந்தன. எண்ணினேன், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு எல்லாம் அடங்கியது. அந்த ஒரு குரலுக்காகக் காத்திருந்தேன். வயசாகிவிட்டது, இன்னும் வேலைக்கு வருகிறாரோ என்னவோ என்று நினைத்த நேரத்தில், போனுக்கு வெகு பக்கத்தில் கேட்டது.

"நான் எதிர்ப்பு. எழுதுடி!"